அடைப்பு அறையில் ஐந்தாவது கணினி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி முப்பத்திரண்டு நிமிடம். கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த மேகம் கள்ளக்குறிச்சி மேல் நின்றுகொண்டு காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. நனைக்கவும் இல்லை, விடவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றவேண்டிய விளக்கை, இருட்டாக இருக்கிறதே என்று முன்கூட்டியே ஏற்றிவிடலாமென நினைத்து, முன் அறையின் பூட்டிய கதவுக்கு வெளியே குனிந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கதவுக்கு உள்ளிருந்து "மாமா" என்று ஒரு குரல் கேட்டது.

எங்கள் வீட்டில் என்னை மாமா என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான், என் மருமகள். அவள் மாடியில் இருந்தாள். அவளுடைய நாற்காலி உருளும் சத்தம் என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டது ஆண் குரல். அந்த அறையோ இருபத்தொரு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது.

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கொட்டவில்லை. இதைச் சொல்லக் காரணம், நான் கிண்ணத்தைப் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரைக்கும் ஓடியதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். எழுபத்துநாலு வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்தவன் எங்கே ஓடுவது?

அந்த அறை என் அக்காவுடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் போன பிறகு பதினெட்டு வருடம் என் வீட்டில்தான் இருந்தாள். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டாள். பஞ்சாங்கம் பார்த்த ஐயர் விரலை மடக்கிப் பார்த்து அவிட்டம் என்றார். அவிட்டத்திலிருந்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரத்தில் யார் போனாலும் எங்கள் பக்கத்தில் ஆறு மாதம் அடைப்பு. உயிர் பிரிந்த அறையைக் கழுவிப் பூட்டிவிட வேண்டும். யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீட்டில் இன்னோர் உயிர் கேட்கும் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று என் சிநேகிதர் ஒருவர் கேட்டார். வீட்டில் நான், மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர் இருக்கிறோம். யாரைப் பணயம் வைத்து நம்பாமல் இருப்பது என்று திருப்பிக் கேட்டேன்.

எடுத்துப் போன பிறகு பெண்கள் அறையைக் கழுவிவிட்டார்கள். நானே பூட்டினேன். பூட்டை மூன்று முறை இழுத்தும் பார்த்தேன். ஆனால் வீடு முழுவதற்கும் நெட் தருகிற மோடம் பெட்டி அந்த அறையின் அலமாரி மேல் இருக்கிறது என்பது எனக்கும் ஞாபகம் வரவில்லை, வேறு யாருக்கும் வரவில்லை. சாவு வீட்டில் நெட் யாருக்கு வேண்டும்?

பெட்டி அங்கே போனதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாலு வருடத்துக்கு முன் கேபிள்காரர் இணைப்புக் கொடுக்க வந்தபோது கம்பத்திலிருந்து மாடிக்கு நாற்பத்தெட்டு மீட்டர் ஆகும் என்றார். முன் அறைக்கு இருபத்தாறு மீட்டர். முப்பதுக்கு மேல் போகிற ஒவ்வொரு மீட்டருக்கும் தனிக் காசு. முன் அறையிலேயே வைக்கச் சொன்னேன். அங்கிருந்து ஒரு ஒயர் கூரையில் துளை போட்டு மாடிக்கு மருமகளின் மேசை வரை போயிற்று. இன்னொன்று அக்காவின் கணினிக்கு. மற்றவை ஒயர் இல்லாமல் காற்றில் எடுத்துக்கொண்டன. ஒரே இணைப்பில் ஐந்து கணினி: மருமகளின் ஆபீஸ் கணினி, பேத்தியுடையது, மகனுடையது, நான் பேப்பர் படிக்க வாங்கிய பழையது, அக்காவுடையது. எதில் எவ்வளவு செலவாகிறது என்று மாதாமாதம் பிரித்துப் பார்ப்பேன். சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தோரு வருடம் கரும்பு வண்டி நிறுத்தவன் நான். வண்டி பாரத்தோடு வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது ஒரு எடை. எதையும் இரண்டு முறை பார்க்காமல் எனக்கு ஓடாது.

பிரித்துப் பார்த்ததில் அக்காவுக்குத்தான் எப்போதும் ஜாஸ்தி. சொன்னால் சிரிப்பாள்.

"நீ காத்தக்கூட எண்ணுவடா. நாளைக்கி நான் செத்தா எத்தினி மூச்சு உட்டேன்னு கணக்கு எழுதி வெச்சிருப்ப."

அவள் செலவெல்லாம் மகனோடு பேசுவதில்தான். ஒரே மகன். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தது சரியாகக் கைகூடவில்லை, போனில் முகம் தெரியாது என்று பெரிய திரையாக வாங்கிக் கொடுத்திருந்தான். அவளுக்குக் குனிந்து பொத்தானை அமுக்க வராது. எனவே கரண்டு வந்தால் கணினி தானே எழுந்துகொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லிச் செய்துவைத்தான். எழுந்ததும் பேசுகிற செயலி தானே திறந்துகொள்ளும். அவன் கூப்பிட்டால் யாரும் தொடாமலே படம் வந்துவிடும். காது மந்தம் என்பதால் சத்தத்தை உச்சத்தில் வைத்திருந்தான். அவள் செய்யவேண்டியதெல்லாம் கட்டிலில் உட்காருவதுதான்.

தினமும் மூன்றரை மணிக்குக் கூப்பிடுவான். அங்கே அப்போது ஒரு மணி. முதலாளி வீட்டுப் பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக்கொண்டு டிபன் டப்பாவைத் திறப்பான். அதுவரைக்கும் இவளும் சாப்பிட மாட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மத்தியானச் சோற்றை மூன்றரைக்குத் தின்றால் குடல் என்னத்துக்கு ஆகும் என்று நான் கத்தாத நாளில்லை.

"அவன் அங்க ஒண்டியா துண்றான்டா," என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா போனபோது அவனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில். முதலாளி அலமாரியைப் பூட்டிக்கொண்டு வேறு தேசம் போயிருந்தார். கொள்ளியை என் மகன் வைத்தான். சுடுகாட்டில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். டவர் ஒரே கோடுதான் இருந்தது. தூக்கி வந்து இறக்கும்போதே படம் உறைந்து நின்றுவிட்டதாம். முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

மருமகளுக்கு வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி வேலை. நாளெல்லாம் வாடிக்கையாளர்களோடு பேசவேண்டும். பேச்சின் நடுவில் லைன் அறுந்தால் மேலதிகாரிக்குக் கோபம். இன்னும் ஒருமுறை அறுந்தால் சென்னைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். நவம்பர் 9, வியாழக்கிழமை, மோடம் மடக்கென்று நின்றுவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஆனால் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அக்கா சுவிட்சை ஒருதரம் அணைத்துப் போட்டுவிட்டு "தட்டிட்டேன்டீ" என்பாள். இப்போது யார் தட்டுவது? மருமகள் படியில் நின்று பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா, அந்த ரூமு ஃப்யூஸ மட்டும் புடுங்கி சொருவுங்களேன்," என்றாள்.

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. ஃப்யூஸ் பலகை வாசலில், அறைக்கு வெளியேதான் இருக்கிறது. கட்டையை உருவினேன். முப்பது எண்ணினேன். செருகினேன். மாடியில் நெட் வந்துவிட்டது. கரண்டு பெட்டிக்கு மட்டும் போகாது, கணினிக்கும் போகும் என்பது படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும்போது கதவின் அடியில் கோடு போட்ட மாதிரி நீல வெளிச்சம் தெரிந்தது. தெருவிளக்கு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவிளக்கு மஞ்சள் என்பது படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் கதவில் காதை வைத்தேன். யாரோ தூங்கும்போது மூச்சு இழுப்பதுபோல் ஒரே சீராக ஒரு சத்தம். அக்கா தூங்கும்போது இப்படித்தான் இருக்கும். எடுத்த காதைத் திரும்ப வைக்கவில்லை.

அதற்கடுத்த நாள் தகராறு வேறு விதமாக வந்தது. நம் இணைப்பில் எத்தனை கணினி ஓடுகிறது என்று மருமகளின் போனில் பார்க்கலாம். அக்காவைக் கழித்தால் நான்கு இருக்கவேண்டும். ஐந்து என்று காட்டியது. கணினி ஒவ்வொன்றுக்கும் அதில் பெயர் கிடையாது, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரிசைதான். அவளை விட்டு இன்னொருமுறை பார்க்கச் சொன்னேன். ஐந்துதான். எதிர்வீட்டுக்காரர் நம் நெட்டைத் திருடுகிறார் என்றேன். கடவுச் சொல்லை மாற்றினோம். மாற்றியதும் காற்றில் எடுக்கிற மூன்றும் அறுந்து, புதுச் சொல்லைக் கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மருமகளுடையது ஒயரில் ஓடுவது, அது அறவில்லை, சரி. ஆனால் ஐந்தாவதும் அறுந்ததே இல்லை. அது எங்களிடம் எதையும் கேட்கவில்லை.

"உங்க அக்காதான் மாமா. நீங்க மாசக் கணக்கு சரியா போடறீங்களான்னு பாக்கறாங்க," என்றாள் மருமகள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். சொன்ன பிறகு அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

என் மகன் வீட்டில் இல்லை. வெள்ளிமலையில் பள்ளிக்கூட வாத்தியார். திங்கட்கிழமை மலை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். அவன் தங்குகிற இடத்தில் போன் எடுக்காது. அந்தச் சனிக்கிழமை இறங்கினவனிடம் சொன்னதற்கு, எதையாவது எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள் அப்பா என்றான். மறுநாள் தீபாவளி. எங்களுக்குப் பண்டிகை இல்லை. தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. கதவடியில் அந்த நீலக் கோடு.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

"மாமா, பயப்படாதீங்க. நான்தான்," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

அக்கா மகன். அவள் மந்தக் காதுக்கு வைத்த சத்தம் என்பதால் ஆள் கதவுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எங்கேயிருந்து பேசுகிறாய் என்றேன். குவைத்திலேதான் இருக்கிறேன், வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான்.

"அம்மா ரூமு தெரியுது மாமா."

இந்த இருபத்தொரு நாளில் அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் யாருமில்லை.

"இன்னாடா தெரியுது?"

"கட்டில் தெரியுது. பச்சப் பொடவ கொடியில கெடக்குது. ஜன்னல் சந்துல கொஞ்சம் வெளிச்சம். ஒரு மூலையில மட்டும் செவப்பா ஏதோ மறைக்குது."

சிவப்பு என்ன என்று எனக்குத் தெரிந்தது. ஆயுத பூஜையன்று கணினிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தது நான். அக்காவின் திரை உச்சியில், கேமராக் கண்ணில் பட்டும் படாமலும் வைத்துவிட்டிருக்கிறேன். பூஜைக்கு அணைத்து வைத்த கருவியை விஜயதசமியன்று எடுத்து ஓட்டவேண்டும். அவள் ஓட்டவில்லை. வியாழக்கிழமை நான் ஃப்யூஸ் கட்டையைச் செருகி அதை ஓட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை அம்மா பெயருக்கு எதிரில் பச்சைப் புள்ளி எரிந்ததைப் பார்த்தானாம். அடைப்புக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று கோபத்தில் கூப்பிட்டிருக்கிறான். யாரும் எடுக்காமலே படம் வந்திருக்கிறது. அறையில் யாருமில்லை. அன்றிலிருந்து தினமும் மூன்றரைக்குக் கூப்பிடுகிறான்.

"ஏன்டா எங்க கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"கூப்ட்டு இன்னா பண்ணுவ?"

"பேசறதில்ல மாமா. வெச்சிக்கினு சாப்புடுவேன்."

இன்றைக்கு மட்டும் ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்டேன். நான் எண்ணெய் ஊற்றும்போது, நல்லெண்ணெய் விலை ஏறிவிட்டது, நீ போனதிலிருந்து இது இரண்டாவது லிட்டர் என்று கதவைப் பார்த்து அக்காவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேனாம். எனக்கு அப்படிப் பேசுகிற பழக்கம் உண்டென்று அதுவரை தெரியாது. அதைக் கேட்டதும் அவனால் அடக்க முடியவில்லை.

"கொள்ளிக்கிதான் வர முடியல. உள்ள யாரும் போவக் கூடாதுன்றீங்க. நான் போவல மாமா. பாத்துக்கினுதான் இருக்கேன்," என்றான். பிள்ளைகள் வந்துவிட்டார்கள் போல. குரல் பட்டென்று நின்றது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. பயம் இன்னது என்று சொல்கிறேன். பார்ப்பது நுழைவதாகுமா? ஆகும் என்றால் வியாழனிலிருந்து ஆறு முறை அடைப்பு உடைந்திருக்கிறது. வீட்டில் நால்வர். குவைத்தில் ஒருவன், அவனும் எங்கள் ரத்தம்தான். பேத்தி தும்மினால் எழுந்து உட்கார்ந்தேன். காலையில் ஐயரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு இப்படி ஒரு வழக்கு இதற்குமுன் வந்ததில்லை. இரண்டு நாள் தவணை கேட்டார். பார்வைக்குத் தீட்டு இல்லை, ஆனால் குரல் உள்ளே போயிருக்கிறது, அதற்கு ஒரு சாந்தி செய்துவிடுவது நல்லது என்று பிறகு சொல்லியனுப்பினார்.

மகன் அடுத்த சனிக்கிழமை இறங்கியதும் இரண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னான். மாடிக்குப் புது இணைப்பு வாங்கிவிடுவோம். கீழே ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவோம். மருமகள் வேலையும் நிலைக்கும், அறையும் இருட்டாகும், அப்பாவும் தூங்குவார். அவன் சொன்னதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அக்கா மகனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். எதிர்த்துப் பேசுவான் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். "சரிங்க மாமா" என்றான். அவ்வளவுதான். தயார் செய்த பதில்கள் என்னிடமே தங்கிவிட்டன.

கேபிள்காரர் வருவதற்கு முன்பே, கார்த்திகை மழையில், பழைய லைன் தானாகச் செத்தது. அன்று ஒரு நாள் முழுவதும் மருமகள் போனில் இருக்கிற நெட்டை வைத்து வேலை செய்து, மேலதிகாரியிடம் திட்டு வாங்கினாள். மறுநாள் மத்தியானம் கேபிள்காரர் வந்து கம்பத்திலிருந்து சிவப்பு ஒளி அடித்துப் பார்த்து, வெளியே ஒயர் நன்றாக இருக்கிறது, அறைக்குள்ளே எலி கடித்திருக்கிறது என்றார். கதவைத் திறக்கச் சொன்னார். முடியாது என்றோம். காரணம் கேட்டதும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மாடிக்கு நாற்பத்தெட்டு மீட்டர் இழுத்துப் புதுப் பெட்டி வைத்தார். மருமகளுக்கு உயிர் வந்தது.

இனி அறைக்குக் கரண்டு தேவையில்லை. வாசலுக்குப் போய் ஃப்யூஸ் கட்டையில் கையை வைத்தேன். கதவடியில் நீலக் கோடு இன்னும் இருந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நெட் மட்டும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து. உள்ளே சத்தமில்லை. இரண்டு வாரமாக எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அது இல்லை. தொல்லை விட்டது என்று கட்டையை உருவியிருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் வண்டி நிற்கும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்திருப்பான். புள்ளி எரியாது.

அவன் அங்க ஒண்டியா துண்றான்டா.

இதை உள்ளிருந்து யாரோ சொன்னதாக நான் எழுத மாட்டேன். சொன்னது என் ஞாபகம்தான். ஆனால் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாடிக்குக் குரல் கொடுத்துக் கேபிள்காரரை நிறுத்தி, கீழேயிருந்து மேலே வரும் பழைய ஒயரில் மேலேயிருந்து கீழே அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அது இன்னா சார், தண்ணியா? எந்தப் பக்கம் வேணா போவும்," என்றார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கீழேயுள்ள பழைய பெட்டியும் மேலேயுள்ள புதுப் பெட்டியும், வீட்டுக் கணினிகளுக்கு எண் கொடுப்பது நான்தான் என்று சண்டை போடுமாம். மருமகளின் கணினி வழியாகவே ஒயருக்குள் இறங்கி, பூட்டிய அறைக்குள் இருந்த பழைய பெட்டியைத் திறந்து, இனி எண் கொடுக்காதே, வந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கொடு, போதும் என்று அடக்கிவிட்டு வந்தார். இது நுழைவதாகுமா? ஐயரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சாந்தி வரும்.

மறுநாள் மூன்று முப்பத்தொன்றுக்கு உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"இன்னாடா கொழம்பு?" என்றேன் கதவைப் பார்த்து.

உள்ளே டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "மீனுதான் மாமா," என்றான்.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவன் உள்ளே சாப்பிடுவான், நான் வெளியே டீ குடிப்பேன். பேசாத நாளும் உண்டு. சில நாள் அவன், புடவை ஆடுகிறது மாமா என்பான். காற்றில்லாத நாளிலும் சொல்வான். எலியாக இருக்கும் என்பேன். இருக்கும் மாமா என்பான். ஒருநாள், கட்டிலில் அம்மா உட்காருகிற இடம் மட்டும் பள்ளமாகவே இருக்கிறது, ஏன் மேலே வரவில்லை என்று கேட்டான். இலவம்பஞ்சு பழசு என்றேன். நான் காரணம் சொன்னதும் இரண்டு பேரும் சும்மா இருந்துவிடுவோம்.

தெரு சும்மா இருக்கவில்லை. கிழவர் பூட்டிய அறையோடு பேசுகிறார், உள்ளேயிருந்து ஆம்பளைக் குரல் பதில் சொல்கிறது என்று பேச்சு. பால்கார அம்மா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பின்பக்கச் சுவர்மேல் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். விவரத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் சார். அத்தினி தூரத்துல இருக்கறவன் கொரலு அந்த ரூமுக்குள்ள வருதுன்றீங்க. அது மட்டும் இன்னா நல்ல சமாசாரமா?" என்றாள்.

மார்கழி போய், தை, மாசி, பங்குனி போயிற்று. ஆறு மாதம் முடிந்து, சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அடைப்பைத் திறக்க ஐயர் நாள் குறித்தார். முகூர்த்தம் காலையில்தான் இருந்தது. அக்கா மகன் முதலாளியிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தான். குவைத்தில் அப்போதுதான் விடிகிறது. பாஸ்போர்ட் கைக்கு வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

வெயில் அந்த நேரத்துக்கே சுட்டது. வரிசையைப் பெரியவர்கள் சொல்லியிருந்தபடி வைத்தோம். விளக்கோடு முதலில் நான், பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு மருமகள், பிறகு மகன், பேத்தி. ஐயர் வெளியே நின்றுகொண்டார். பூட்டு துருவேறி, சாவி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை திரும்பிற்று. கதவைத் தள்ளினேன்.

முதலில் வந்தது வாசனை. பூட்டிய சாம்பிராணியும், எலிப் புழுக்கையும், அக்கா தலைக்கு வைக்கிற எண்ணெயும். எதிரே, குங்குமம் காய்ந்து கறுத்த திரையில், காருக்குள் உட்கார்ந்தபடி அவன். குளித்து நெற்றியில் விபூதி வைத்திருந்தான். கை கூப்பியிருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் நாங்கள், வீட்டுக்குள் இருக்கிறவன் அவன் என்பதுபோல் எங்களைப் பார்த்தான்.

"வாங்க மாமா. உள்ள வாங்க," என்றான்.

வலது காலை வைத்தேன். ஆறு மாதமாக அந்த அறைக்கு ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆள் இருந்தது. வாவென்று கூப்பிட்டது. மருமகள் என் தோளுக்குப் பின்னால் அழ ஆரம்பித்தாள். மகன், அந்த அறையை அணைத்துவிடச் சொன்னவன், கட்டில் ஓரமாக நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டான். பச்சைப் புடவையைக் கொடியிலிருந்து எடுத்து, அவனுக்குத் தெரியும்படி திரைக்கு முன் பிடித்தேன். அவன் கையை நீட்டித் தன் பக்கத்துத் திரையைத் தொட்டான் போல. படம் விரலளவு இருண்டு தெளிந்தது.

அவன் முகம் தெரியும் திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. நம் பக்கம் எப்படித் தெரிகிறது என்று அதில் காணலாம். அதில் எங்கள் அறையைப் பார்த்தேன். திறந்த கதவு, வெயில், கட்டில், நாங்கள். வழக்கத்தில் தலைகளை எண்ணினேன். நான்கு.

எடைமேடையில் முப்பத்தோரு வருடம் எதையும் இரண்டு முறை பார்த்தவன். அன்றைக்கு இரண்டாம் முறை எண்ணவில்லை.

புடவையைப் பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் மாமா, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். அன்று சாயங்காலம் ஃப்யூஸ் கட்டையை உருவினேன். நீலக் கோடு போயிற்று. மூன்றரைக்கு இப்போது என் பழைய கணினியில் கூப்பிடுகிறான். நானும் மத்தியானச் சோற்றை அப்போதுதான் சாப்பிடுகிறேன். குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புது இணைப்புக்கும் பெட்டிக்கும் இரண்டாயிரம். பழைய ஒயரில் நெட்டைக் கீழே திருப்பிவிட்ட கேபிள்காரருக்குத் தனியாக முந்நூறு. யாருமில்லாத அறையில் கணினி ஓடியதற்கு மூன்று மின்சார பில்லில் கூடுதலாக வந்தது ஆயிரத்து நூற்று நாற்பது. ஐயரின் சாந்திக்கு ஆயிரத்தொன்று. ஆக மொத்தம் நாலாயிரத்து நானூற்று நாற்பத்தோரு ரூபாய்.